நூலக வாசகருக்குக் கதை அல்லாத நூல்களில் எதை முதலில் பரிந்துரைக்கலாம்?

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிளை நூலகத்தில் நாவல்களை மட்டுமே எடுத்துச் செல்லும் வாசகருக்கு வேறு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரரான தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ நூலையே நான் முதலில் கொடுப்பேன். உப்பு, எண்ணெய், உணவு, உடை என அன்றாடம் கைபடும் பொருள்களிலிருந்தே ஒரு சமூகத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டும் அந்தச் சிறுநூலைப் படித்தவர், தம் வீட்டு அடுப்படியில் இருக்கும் உப்புச்சாடியைக்கூடப் புதிதாகப் பார்ப்பார். அடுத்தது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய நூல்தான், ஆனால் ஏடு தேடி அவர் அலைந்த பகுதிகள் (திருநெல்வேலிச் சீமைக்கும் வந்திருக்கிறார்) வாசகரை விடாது. வட்டார வரலாறு வேண்டுவோருக்கு, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு உண்டு. நோக்கு நூலான ‘அபிதான சிந்தாமணி’யை, பெயரைச் சொல்லி நிறுத்தாமல், வாசகரை மேசையருகே அமரவைத்து ‘தாமிரபரணி’ போன்ற ஒரு சொல்லைத் தேடச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.