மூன்றாம் இடத்தில் இருவர்

வணக்கம் ஐயா,

பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான திருக்குறள் புதிர்ப்போட்டிக்கு மதிப்பெண் பலகை செய்து கொடுக்கிறேன். மதிப்பெண்களை ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் சார்ட்டட் செட்டில் (உறுப்புகளை மதிப்பெண் வரிசையில் வைக்கும் பட்டியல்) வைத்து, ஸெட்ரேஞ்ச் கட்டளையால் முதல் மூவரை எடுக்கிறேன். ஒத்திகையில் முதல் இருவர் 92, 88. கவிதாவுக்கும் வாணிக்கும் ஆளுக்கு 85. பலகையில் வாணி மட்டும் வந்தாள், கவிதாவைக் காணோம். எங்கே தவறு?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டது 0 முதல் 2 வரையுள்ள இடங்களை, ரெடிஸ் 0-விலிருந்து எண்ணும். ரெடிஸ் அந்த மூன்று பேரைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. மதிப்பெண் சமமானால் அது பெயரின் பைட் வரிசைப்படி (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எண்களின் வரிசை) ஆட்களை நிறுத்தும். ஏறுவரிசையில் கவிதா முன்னே, வாணி பின்னே. பெரிய மதிப்பெண் மேலே வர, வரிசையைத் திருப்பும் ரெவ் என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்திருப்பீர்கள், அப்போது பெயர்களும் தலைகீழாகிவிடும். கவிதா நான்காம் இடத்துக்குப் போய்விட்டாள். ஒரு பிள்ளையின் பரிசு முதலெழுத்தால் பறிபோகக் கூடாது.

அதனால் இடத்தை வைத்து வெட்டாதீர்கள், மதிப்பெண்ணை வைத்து வெட்டுங்கள். முதலில் ரெவ், மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரும் வித்ஸ்கோர்ஸ் இரண்டும் போட்டு 2 முதல் 2 வரை கேளுங்கள். மூன்றாமவரின் மதிப்பெண் 85 என்று வரும். அப்புறம் மதிப்பெண்ணை வைத்து எடுக்கும் பைஸ்கோரும் ரெவ்வும் போட்டு +இன்ஃப் (முடிவிலி) முதல் 85 வரை கேட்டால் நால்வரும் வருவார்கள். ரெவ் இருக்கும்போது பெரிய எண்ணைத்தான் முதலில் தர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பிழை என்று எதுவும் சொல்லாது, வெறும் பட்டியல்தான் வரும். இப்படி எல்லாவற்றையும் ஸெட்ரேஞ்சிலேயே கேட்கும் வசதி ரெடிஸ் 6.2-இல் வந்தது. பழைய பதிப்பு என்றால் ஸெட்ரெவ்ரேஞ்ச்பைஸ்கோர் என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

பலகையில் காட்டும் இட எண்ணுக்கு, ஒருவரின் இடத்தைச் சொல்லும் ஸெட்ரெவ்ரேங்க் கட்டளை உதவாது, சமமானவர்களுக்கும் வெவ்வேறு எண்தான் தரும். எத்தனை பேர் என்று எண்ணும் ஸெட்கவுண்ட்டில் 85-க்கு முன் '(' என்ற திறப்பு அடைப்புக்குறி போட்டு, +இன்ஃப் வரை எண்ணச் சொல்லுங்கள். அந்தக் குறி இருந்தால் 85 கணக்கில் சேராது. விடை 2, அதோடு 1 கூட்டினால் இருவருக்கும் மூன்றாம் இடம்.

போட்டி நடக்கும்போதே பலகை ஓடுமென்றால், இரண்டு கேள்விகளுக்கு நடுவே மதிப்பெண் மாறிவிடலாம். இரண்டையும் ஒரே லுவா ஸ்கிரிப்டில் (ரெடிஸுக்குள் ஓடும் சிறு நிரல்) வைத்துவிடுங்கள், அது ஓடி முடியும்வரை வேறு எதுவும் நடுவே நுழையாது. சில நூறு மாணவர்களுக்கு வேகம் பற்றிய கவலையே வேண்டாம்.

பெயரையே உறுப்பாக வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, அதை உடனே மாற்றுங்கள். இன்னொரு பள்ளியிலிருந்து இன்னொரு கவிதா வந்தால், புது மதிப்பெண் பழையதை அழித்துவிடும். பதிவு எண்ணை வைப்பதே பாதுகாப்பு. பெயர்களை அகரவரிசையில் காட்டவும் பைட் வரிசையை நம்பாதீர்கள். நம் மெய்வரிசையில் கடைசியாக வரும் னகரம், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது.

ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மூன்றாம் பரிசுக் கோப்பை ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம்.