உளவு நாவல்களில் எதைப் படிக்கலாம்: கேள்வி பதில்

கே: பனிப்போர் நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்க?

ஜான் லெ காரேயின் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’. 1961-ல் பெர்லின் சுவர் எழும்பியது, 1963-ல் நாவல் வந்துவிட்டது, எழுதியவரும் அப்போது பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்தான். முதல் அத்தியாயத்தில் பெர்லின் சோதனைச் சாவடியில் பிரிட்டிஷ் உளவாளி லீமஸ் தன் ஆளுக்காகக் காத்துக் கிடக்கிறார், அவன் கிழக்கிலிருந்து சைக்கிளில் வருகிறான், வந்துவிட்டான் என்று நாம் நினைக்கும்போதே சுட்டுவிடுகிறார்கள். பின்னட்டையை மட்டும் படித்துவிடாதீர்கள்.

கே: பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது. நூலகத்தில் கேளுங்கள்.

கே: கொலை விசாரணையும் வேண்டும், அரசியலும் வேண்டும்.

பிலிப் கெர், ‘மார்ச் வயலட்ஸ்’. 1936, ஒலிம்பிக் நடக்கும் பெர்லின், நாஜிகளுக்கு நடுவே ஒரு தனியார் துப்பறிவாளர். பின்னட்டை வேண்டாம்.

கே: வியட்நாம்?

கிரஹாம் கிரீனின் ‘தி கொயட் அமெரிக்கன்’. பிரெஞ்சுக்காரர்கள் போரிட்ட காலத்துச் சைகோன். 1955-ல் வந்தது, அமெரிக்கத் தரைப்படை அங்கே இறங்குவதற்குப் பத்து வருஷம் முன்னால்.

கே: ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி கிளம்பும் நாவல். ஆனால் டி கால் 1970-ல் வீட்டில்தான் இறந்தார். கொலை நடக்காது என்று தெரிந்த பிறகு என்ன விறுவிறுப்பு?

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவை டி கால் விட்டுக்கொடுத்தார் என்று பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் சிலர் கொதித்துப்போயிருந்தார்கள், 1962 ஆகஸ்டில் பாரிஸை ஒட்டிய பெத்தி க்ளமாரில் அவர் காரைச் சல்லடையாகச் சுட்டார்கள், அவர் பிழைத்தார், திட்டம் போட்ட பாஸ்தியன் திரிக்கு மறு வருஷம் மரண தண்டனை. நாவல் அந்தத் தண்டனையில்தான் தொடங்குகிறது. எழுதிய ஃபிரடெரிக் ஃபோர்சைத் அந்த நாட்களில் பாரிஸில் ராய்ட்டர்ஸ் நிருபர். அப்புறம் வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். கொலையாளி கிராமத்துக் கல்லறைகளில் அலைந்து, தன் வயதை ஒட்டிப் பிறந்து குழந்தையிலேயே செத்துப்போன ஒருவனின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி பாஸ்போர்ட் எடுக்கிறான். அன்றைக்கு இங்கிலாந்தில் அந்த ஓட்டை உண்மையிலேயே இருந்தது. செய்வானா மாட்டானா என்பதை மறந்துவிட்டு, எப்படிச் செய்கிறான் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கே: இருந்தாலும் முடிவு தெரிந்த கதைதானே?

இப்போதுதானே சொன்னேன். மேலே படியுங்கள்.

கே: ஜேம்ஸ் பாண்ட்?

நான் ஆள் இல்லை, வேறு யாரையாவது கேளுங்கள்.

கே: பிடிஎஃப் லிங்க் ப்ளீஸ்.

இல்லை.

கே: நானும் அவர் கட்சிதான், டி கால் சாகமாட்டார் என்று தெரிந்ததும் எனக்குப் படிக்கவே தோன்றவில்லை.

சரி, ஒரே ஒரு காட்சி மட்டும் படியுங்கள். ஆர்டென் காட்டில் கொலையாளி மரத்தில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டு, அதில் முகம் வரைந்து, தூரம் போய் நின்று துப்பாக்கிக் குறியைத் திருகித் திருகிச் சரிபார்க்கிறான். கடைசியாக வெடிகுண்டுத் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறான். அந்தப் பழம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.