மூன்றரை மணிக்கு இருட்டும் ஊரில் தனியாக

தங்கச்சி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செப்டம்பரில் பின்லாந்தின் எஸ்போ நகருக்கு வந்தீர்கள். கணவர் காலையில் வேலைக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருகிறார். ஊரில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த நீ நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறாய். நான்கு நாளாக வாசலைத் தாண்டவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, "எனக்கு என்ன ஆச்சு அக்கா, இது சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறாய். நீ என்றே எழுதுகிறேன், என் தங்கை வயதுதான் உனக்கு இருக்கும்.

சரியாகும். ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காதே. நான் காத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

பதினான்கு வருடத்துக்கு முன் இதே பின்லாந்தில் என் முதல் குளிர்காலத்தை நான் இந்திய நேரத்தில் வாழ்ந்தேன். இங்கே குளிர்காலத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா ஏழு மணி சீரியல் பார்க்கும்போது இங்கே மூன்றரை, அதற்குள் இருட்டிவிடும். அம்மா பத்து மணிக்குத் தூங்கப் போனால் எனக்கு ஆறரை. நாள் அதோடு முடிந்த மாதிரி இருக்கும். ஜன்னல் திரையை விலக்குவதையே விட்டுவிட்டேன். சாப்பாடு தயிர்சாதம், அதையும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன். இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்று ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்போமே, அப்படி வைத்த மாவை ஒரு தடவை மறந்தே போனேன். மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. மாவை மறக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன். அதுவரை எல்லாவற்றையும் 'அசதி' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் "நல்லா இருக்கேன்மா" தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இது உன் பலவீனம் இல்லை. இந்த ஊர்க்காரர்களே இருட்டுக் காலத்துக்கு 'காமோஸ்' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நவம்பருக்கு அவர்கள் மொழியில் 'மர்ராஸ்கூ'. அந்தப் பெயரிலேயே சாவு இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் தலைநகர் ஹெல்சின்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை, ஒன்பதரைக்குச் சற்று முன் விடிந்து மூன்றே காலுக்குள் சூரியன் போய்விடும். கண்ணில் விழுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் உடம்பு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. நீ நான்கு நாள் உள்ளேயே இருந்தால் அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனசும் கெடும்.

அதனால் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வாய் என்றால் இதைச் செய்: பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் தினமும் அரை மணி நேரம் வெளியே நட. மேகமாக இருந்தாலும் போ. மேகமூட்டத்திலும் வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. நடக்கப் பிடிக்கிறதா என்று மனசைக் கேட்காதே, பிடிக்கவில்லை என்றுதான் சொல்லும். காலுறையையும் ஜாக்கெட்டையும் இரவே கதவுப் பக்கத்தில் எடுத்து வை. காலையில் முகத்துக்கு முன் வைத்து உட்காரும் வெளிச்ச விளக்கு கடையில் கிடைக்கும். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; 10,000 லக்ஸ் விளக்கு என்றால் அரை மணி நேரம் போதும். கண் நோய் ஏதும் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்கு. வைட்டமின் டி பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்.

அப்புறம் மனிதர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். நானும் அதை வெறுப்பு என்றுதான் நினைத்தேன். படிக்கட்டில் ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருப்பது இங்கே பலருக்குப் பழக்கம், அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற எண்ணம். நீ "மொய்" என்று சொல், இவர்கள் மொழியில் அதுதான் வணக்கம், பதிலுக்குச் சொல்வார்கள்.

பேச்சு வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போ. நூலகங்களில் மொழிக் காபிக் கூட்டம் நடக்கும், 'கியெலிகஹ்விலா' என்று கேள். காசு இல்லை, தேர்வு இல்லை. நான் முதல் நாள் போனபோது ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து வெண்ணெய், பால், ரொட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனதும் "போன வாரம் உன்னைக் காணோமே" என்றார். நான் வராததைக் கவனிக்க இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார் என்பது அன்று எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

வேலை விஷயம்: நகராட்சியின் வேலைவாய்ப்புச் சேவையில் வேலை தேடுபவராகப் பதிய முடியுமா என்று கேள். 2025 தொடங்கி அது நகராட்சிகளின் பொறுப்பு. மொழி வகுப்புக்கும் அந்த வழியாகப் போகலாம்.

கணவரிடம் மறைக்காதே. நாள் முழுக்க அடக்கிவைத்த பேச்சையெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டி, அவர் முகம் கொடுக்கவில்லை என்று நான் போட்ட சண்டைகள் நிறைய. கடைசியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, "எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை" என்று அதே வார்த்தையில் சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியவே இல்லை.

இப்போது கவனமாகக் கேள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டே இருந்தால் சுகாதார நிலையத்துக்குப் போன் செய். நர்ஸ் திருப்பி அழைப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். "இதற்கெல்லாமா டாக்டர்" என்று ஊரில் சொல்வதை இங்கே தூக்கிக்கொண்டு வராதே. 1897 முதல் இயங்கும் 'மியேலி' என்கிற மனநல அமைப்பின் நெருக்கடித் தொலைபேசியில் ஆங்கிலத்திலும் பேசலாம். மியேலி என்றால் மனம். "நான் இல்லாமல் போனால் தேவலை" என்கிற எண்ணம் உனக்கு ஒரு தடவை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண் 112-ஐ அழை.

ஜனவரி கடைசிக்குள் பகல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடிவிடும். பனியும் விழுந்துவிட்டால் தரையே வெளிச்சம் கொடுக்கும்.

எஸ்போவில் எந்தப் பக்கம் இருக்கிறாய்? மெட்ரோ வழி என்றால் இந்தச் சனிக்கிழமை பதினொன்றரைக்கு மாட்டிங்கூலா நிலையத்துக்கு வா, கடல் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம். சுக்குக் காபி நான் கொண்டுவருகிறேன். உன் ஜாக்கெட்டில் ஒளிரும் பட்டை மாட்டிக்கொள், பேசிக்கொண்டே இருந்துவிட்டால் நீ வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும்.