மனையை விற்க அவசரப்பட வேண்டாம், தம்பி

கேள்வி: அண்ணாச்சி, முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். திருநெல்வேலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், மாதம் 22,000 ரூபாய் சம்பளம். மனைவி பீடி சுற்றுகிறாள். எங்கள் பெண் குழந்தைக்கு 5 மாதம். பிறக்கும்போதே இடது கையில் மூன்று விரல் குட்டை, அதில் இரண்டு ஒட்டியிருக்கின்றன. ஒரு வயதையொட்டி விரலைப் பிரிக்க வேண்டும், கால்விரல் எலும்பை எடுத்தும் வைக்கலாம், பிறகு மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள். முதல் ஆபரேஷனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 1,60,000 கேட்டார்கள். எஃப்.டி.யில் 1,40,000 இருக்கிறது, 9 பவுன் நகையும் 5 சென்ட் மனையும் உண்டு. மனையை விற்றுவிடலாமா? குறையைச் சொல்லாமல் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு ஏஜெண்ட். செல்வமகள் கணக்கில் மாதம் 5,000 போடவும் ஆசை. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று என் மனைவி வெளியே வந்ததால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் ஆச்சி வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: தம்பி, கடைசியாக எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கருவில் கை உருவாவது முதல் இரண்டு மாதத்துக்குள். அப்போது கர்ப்பமே பலருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை ஆச்சியிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள், மனைவியைச் சொல்லவிடாதீர்கள். வரும் நாட்களில் குழந்தையின் கையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான்.

சரி, பணம். மனையை விற்க வேண்டாம். அவசரமாக விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். அதோடு இது ஒரே தடவையில் முடிகிற செலவும் இல்லை. பிரித்த விரல்களுக்கு நடுவில் பெரும்பாலும் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். குழந்தை வளர வளர அந்தத் தழும்பு இழுத்துக்கொண்டால் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். கால்விரல் எலும்பை ஒன்றரை வயதுக்குள் வைத்தால், அது கையோடு சேர்ந்து வளர வாய்ப்பு அதிகம். அதனால் இந்த ஒரு வேலையில்தான் காலம் முக்கியம். எலும்பை வெட்டிக் கம்பி பூட்டி நீட்டும் முறை பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். அதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நீளும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து நாள், அப்புறம் அது கெட்டிப்பட இன்னும் பல வாரம். அது தேவையா என்பதை அன்றைக்குப் பார்க்கலாம். குட்டை விரலோடு எழுதி, சாப்பிட்டு, சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் நிறைய. 'ஆபரேஷனுக்குப் பிறகு பிடிமானம் எவ்வளவு கூடும்?' என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்வைக்கு மட்டும் என்றால் அந்தச் செலவுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

1,60,000 கொடுப்பதற்கு முன் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவில் (பிளாஸ்டிக் சர்ஜரி) காட்டுங்கள். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே பேர்பெற்ற தனிப் பிரிவு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், உங்களுடையது சம்பளம் மட்டுமே 2,64,000. குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏஜெண்ட் சொன்னது எனக்குக் கோபம் வரவழைத்தது. கண்ணுக்குத் தெரியும் பிறவிக் குறையைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. அதை மறைத்தால் நாளைக்குக் காய்ச்சலுக்குக் கேட்கிற பணத்திலும் அவர்கள் கையை விரிக்கலாம். கம்பெனியில் குழுக் காப்பீடு இருந்தால் குழந்தையின் பெயரை உடனே சேர்த்து, 'வெளிப்புறப் பிறவிக் குறை'க்குப் பணம் உண்டா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் குடும்பப் பாலிசி எடுப்பதானால் கையைச் சொல்லியே எடுங்கள். கைக்குப் பணம் வராமல் போனாலும் மற்ற நோய்களுக்கும் விபத்துக்கும் அது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

செல்வமகள் நல்ல திட்டம், ஆனால் உங்களுக்கு இப்போது அல்ல. மகளுக்கு 18 வயதாகும்வரை, அல்லது பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை, அதில் போட்ட பணம் சாதாரணமாகக் கைக்கு வராது. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். அந்த 5,000-ஐ வங்கியில் ஓராண்டு ஆர்.டி.யாகப் போடுங்கள். எஃப்.டி.யை 70,000 வீதம் இரண்டாகப் பிரித்து வையுங்கள், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

எல்லோரும் மறப்பது ஆபரேஷனுக்குப் பின் வரும் செலவு. குழந்தை கட்டை உருவிவிடும் என்பதால் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு போடுவார்கள், இரண்டு மூன்று வாரம் இருக்கும். எலும்பு வைத்தால் உள்ளே கம்பி இருக்கும், அதை எடுக்க இன்னும் சில வாரம். பிறகு தழும்பு தேய்ப்பது, இரவில் விரல் மடங்காமல் இருக்கக் கைக்கு அச்சு (ஸ்பிளிண்ட்) மாட்டுவது, பயிற்சிக்குப் போய்வருவது என்று மாதக்கணக்கில் நீளும். அந்த நாட்களில் மனைவி பீடி சுற்ற முடியாது, உங்களுக்கும் லீவு போனால் சம்பளம் பிடிப்பார்கள். இரண்டு மாத வீட்டுச் செலவு, பஸ், ஆட்டோ, கட்டு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்குங்கள். ஆஸ்பத்திரி சொல்லும் தொகையில் இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய கட்டு, கம்பி எடுப்பது, பயிற்சி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கும் மேல் துண்டு விழுந்தால் 2 பவுனைக் கூட்டுறவு வங்கியில் அடகு வையுங்கள், 9 பவுனையும் கொண்டுபோக வேண்டாம்.

இந்த மாதமே ஹைகிரவுண்டில் காட்டிவிட்டு, இரண்டு இடத்துக் கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். மகளுக்கு ஒரு வயதாவதற்குள் சேர்ந்து உட்கார்ந்து தேதி குறிப்போம்.