ஈஸ்டர் ஒரு நாள் அல்ல, ஐம்பது நாள்

வாசகி ஒருவரின் கடிதம்: "கணவருக்கு நான்கு மாதமாகப் பாதிச் சம்பளம்தான். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. போன ஈஸ்டருக்குக் கடன் வாங்கித் துணி எடுத்தோம். அது அடைந்ததே கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான். இந்த முறை கடன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் கோயிலுக்கு எல்லாரும் புதுத்துணியில் வருவார்கள். மதியம் அக்கா வீட்டில் விருந்து; அவள் பிள்ளைகள் கையில் பெரிய சாக்லேட் முட்டை இருக்கும். என் பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா?"

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடன் வேண்டாம் என்ற முடிவையும் விட்டுவிடாதீர்கள். போன வருடம் அந்தக் கடனை எத்தனை மாதம் சுமந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் முழுக்க ஞாயிறு மதியத்தைப் பற்றித்தான் இருக்கிறது. சனி இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஈஸ்டரின் உயிரே அந்த இரவில்தான் இருக்கிறது. விளக்கு அணைந்த கோயில், வெளியே மூட்டிய புதுத்தீ, அதிலிருந்து ஏற்றிய ஒரே ஒரு பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி, அந்தத் திரியிலிருந்து கைக்குக் கை பரவும் சுடர். ஆறு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய காட்சியை எந்தக் கடையில் வாங்க முடியும்? அன்று மத்தியானமே அவனைத் தூங்க வைத்துவிடுங்கள். இருட்டில் என்ன நடக்கப்போகிறது என்பதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மகளிடம் விடுங்கள். உங்கள் கையில் பிடித்த மெழுகுதிரி எரிந்து மீந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறு காலை மேசையில் ஏற்றுங்கள்.

துணியைப் பற்றி நீங்கள் இவ்வளவு கலங்குவதால் ஒன்று சொல்கிறேன். ஆதித் திருச்சபையில் அந்த இரவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் வெள்ளாடை உடுத்தினார்கள். எட்டு நாள் அதே ஆடையோடுதான் கோயிலுக்கு வந்தார்கள். பெட்டியில் இருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை எதுவானாலும் நன்றாகத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு உடுத்திவிடுங்கள். அதன் காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை கூசாது.

முட்டைக்கு வருகிறேன். சாக்லேட் முட்டை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே ஈஸ்டர் முட்டை உண்டு, அது கோழி முட்டைதான். தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்த காலம் அது. நோன்பு என்று கோழி முட்டையிடாமல் இருக்குமா? நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளை வேகவைத்துச் சாயமேற்றி ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். 1290-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் தம் அரண்மனையாருக்கு ஈஸ்டருக்காக வாங்கியது 450 முட்டைகள். செலவு 18 பென்ஸ் என்று அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. தங்கத் தகடு ஒட்டிக் கொடுத்தாராம், உள்ளே இருந்தது என்னவோ ஏழை வீட்டில் இருந்த அதே முட்டைதான்.

இன்றிலிருந்தே வெங்காயச் சருகைச் சேர்த்து வையுங்கள். இரண்டு கை நிறையச் சேர்ந்ததும், மூழ்கும் அளவு தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். அது ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரிப்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். வெள்ளை ஓட்டு முட்டைகளாகப் பார்த்துப் போட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்லிய தீயில் வேகவிடுங்கள். செம்மண் நிறத்தில் வரும். மஞ்சள்தூளில் மஞ்சளும், சிவப்பு முட்டைக்கோஸில் நீலமும் வரும், ஆனால் நீலத்துக்கு இரவு முழுக்க ஊற வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது இதுதான்: சாயத்தில் இடுமுன் ஒரு சின்ன இலையை ஓட்டின் மேல் ஒட்டவைத்து, மெல்லிய பழைய துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வெந்தபின் பிரித்தால் இலையின் உருவம் வெளிறிப் பதிந்திருக்கும். காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளக்கும். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

அக்கா வீட்டுக்குப் போகும்போது ஒரு தட்டு நிறைய இந்த முட்டைகளைக் கொண்டுபோங்கள். கிரேக்கர்கள் ஈஸ்டரன்று ஆடும் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுங்கள். ஆளுக்கொரு முட்டையைப் பிடித்து முனையோடு முனை மோத வேண்டும். கடைசிவரை உடையாத முட்டைக்காரர் வென்றவர். அந்தக் கூட்டத்தில் சாக்லேட் முட்டை வைத்திருக்கும் பிள்ளையும் உங்கள் முட்டையைக் கேட்டு வரும்.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே, தொலைபேசியிலேயே. "இந்த வருடம் கை கொஞ்சம் இறுக்கம் அக்கா, பிள்ளைகளுக்குள் பரிசு கொடுப்பது வேண்டாம்" என்றால் போதும். பிள்ளைகளிடமும் அப்படியே. "அப்பாவுக்குச் சம்பளம் குறைந்திருக்கிறது, அதனால் இந்த முறை புதுத்துணி இல்லை" என்பதைப் பத்து வயதுப் பெண் தாங்கிக்கொள்வாள். நீங்கள் மறைத்து மறைத்து அழுவதைத்தான் அவளால் தாங்க முடியாது. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று ஒரு பழைய தட்டில் மண் பரப்பி, வெந்தயம் தூவி, மகனைத் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நடுவில் இயேசுவின் கல்லறையாக ஒரு சின்னக் குகை, அதன் வாயில் ஒரு கல். உயிர்ப்பு ஞாயிறு காலையில் சுற்றிலும் பச்சை முளைத்திருக்கும். கல்லை அவனே புரட்டட்டும்.

இன்னொன்று. ஈஸ்டர் ஞாயிறோடு முடிவதில்லை. அடுத்த ஞாயிறு வரை எட்டு நாளும் பெருவிழாதான். பாஸ்கா காலம் என்னும் ஈஸ்டர் காலம், தூய ஆவியின் திருநாளான பெந்தகோஸ்தே வரை ஐம்பது நாள் ஓடுகிறது. தவக்காலத்தைவிட நீளமான கொண்டாட்டம் இது, நாம்தான் திங்கட்கிழமையே மூட்டை கட்டிவிடுகிறோம். ஈஸ்டர் முடிந்ததும் கடைகளில் மீந்துபோன சாக்லேட்டின் விலை இறங்கும். அப்போது ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள்; திருநாள் இன்னும் முடியவில்லை என்று சொல்லியே கொடுங்கள். சம்பளம் வரும் வாரத்தில் ஒரு ஞாயிறைக் குறித்து, அக்கா குடும்பத்தைச் சாப்பிட அழையுங்கள். எளிய சாப்பாடு போதும். மெழுகுதிரித் துண்டை அன்றைக்கும் மறக்காமல் ஏற்றுங்கள்.