‘தேடிப் பார்க்கிறேன்’ என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: பதினாறு வருடங்களாக வாரம் ஒருநாள் கூடி ஸ்வெட்டர், குரோஷா, எம்பிராய்டரி என்று செய்துவரும் பெண்கள் குழு எங்களுடையது. கடந்த மூன்று வருடங்களில் நான்கு பேரை இழந்துவிட்டோம். எய்ட்ஸால் இறந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட நினைவுப் போர்வையைப் பற்றிப் படித்ததிலிருந்து, நாங்களும் நால்வர் நினைவாக ஒரு போர்வை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் யார் பெயர் முதலில் வருவது, சண்டை போட்டு விலகிப்போன ஒருவரைச் சேர்ப்பதா என்று தினமும் வாக்குவாதம். கடைசியாகப் போன அக்கா, பேரனுக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைப் போர்வையின் நடுவில் வைக்கலாம் என்று, ஊசியோடும் அவர் வரிசை எண்ணிக் கோடு போட்ட காகிதத்தோடும் 14 மாதமாக ஒரு பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் மகள்கூட ஒருமுறை போனில் கேட்டாள், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எல்லோரையும் சமாதானப்படுத்தி இந்தப் போர்வையை எப்படி முடிப்பது?

பதில்: அன்புச் சகோதரி,

குழு, சங்கம், மன்றம் என்று எதில் யார் இறந்தாலும் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். யார் படம் நடுவில், யார் பெயர் மேலே என்ற அதே தகராறுதான். இறந்த தேதி வரிசையில் பெயரைப் போடுங்கள். விலகிப்போனவரையும் சேருங்கள். உங்களோடு உட்கார்ந்து பின்னியவர்தானே, அவரே இல்லாதபோது இனி யாரோடு சண்டை? சரி, அந்த விஷயம் முடிந்தது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ‘தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.’

எதைத் தேடப் போகிறீர்கள்? பை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதில் என்னென்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தாயைப் பறிகொடுத்த ஒரு பெண், தன் குழந்தைக்காக அம்மா கடைசியாகச் செய்துகொண்டிருந்த பொருளைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் பொய் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இதில் ‘மகள்கூட’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், யாரோ மூன்றாம் மனுஷி கேட்டதுபோல.

அந்தக் குழந்தையை நினைத்தீர்களா? பாட்டி எந்த அளவில் ஆரம்பித்தாரோ தெரியாது, ஆனால் 14 மாதத்தில் ஒரு கைக்குழந்தை நடக்கவே தொடங்கிவிடும். உடனே கொடுத்திருந்தால், உங்களில் ஒருவர் பத்து நாளில் முடித்துப் போட்டுப் பார்த்திருக்கலாம். இனி அந்த ஸ்வெட்டர் அவனுக்குச் சேருமா என்பதே சந்தேகம். நினைவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அக்கா யாருக்காக உட்கார்ந்து பின்னினாரோ அவனுக்கே கிடைக்காமல் செய்துவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் அந்தப் போர்வையின் கதையை இன்னொரு தடவை படியுங்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அதை முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. இறந்தவரை அறிந்தவர்கள், நண்பரோ துணையோ தாயோ, தாங்களே தைத்து, தங்களிடம் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்ட துண்டுகள் அவை. அந்தப் போர்வையை உண்டாக்கியது அந்தக் கொடுத்த மனசுதான். அதைப் படித்துவிட்டா அடுத்தவர் வீட்டுச் சொத்தை அலமாரியில் பூட்டி வைத்தீர்கள்?

குழு பெரிதில்லை என்று நான் சொல்லவில்லை. அக்காவின் கையை உங்களுக்குத்தான் தெரியும். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பார், கண்ணி தவறினால் பிரித்துவிட்டு மறுபடி போடுவாரா அப்படியே விட்டுவிடுவாரா என்பதெல்லாம் மகளுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காகிதத்தில் இருக்கும் கோடுகளை அவள் பார்த்தால் ஏதோ கிறுக்கல் என்று நினைப்பாள். ஒவ்வொரு கோடும் அம்மா பின்னி முடித்த ஒரு வரிசை, இந்தக் கடைசிக் கோட்டோடு கையை எடுத்துவிட்டார் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல உங்கள் குழுவை விட்டால் ஆளில்லை. உங்கள் கடமை அதுதான். ஆனால் பொருள் பிள்ளைகளுடையது. எவ்வளவு நெருங்கிய சிநேகிதியானாலும் பெற்ற பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இன்றைக்கே பையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கம்பளி நூலாக இருந்தால், இருட்டில் அசையாமல் மடங்கிக் கிடப்பதைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடி வரும். ஊசி இரும்பென்றால் துரு பிடித்து நூலில் கறை ஏறியிருக்கலாம். கண்ணிகளை ஊசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூல் ஒன்றில் கோத்து வையுங்கள். ஒரு கண்ணிகூட நழுவக் கூடாது. நூல் கண்டில் சுற்றியிருக்கும் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாயத் தொகுதி எண் அதில்தான் இருக்கும். அதே நிறம் என்று வாங்கினாலும் தொகுதி மாறினால் ஒரு சாயல் தள்ளித்தான் நிற்கும்.

அப்புறம் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படையுங்கள். முடிப்பதா, பாதியிலேயே இருக்கட்டும் என்று விடுவதா என்று அவள் தீர்மானிக்கட்டும். முடித்துத் தரச் சொன்னால் உங்களில் கை ஒத்துப்போகிற ஒருவர் உட்காருங்கள். தனியாக ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்து, இறுக்கம் வித்தியாசப்பட்டால் ஊசியின் அளவை மாற்றுங்கள். அப்படியும் கை மாறிய இடம் கொஞ்சம் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், அக்கா பின்னியதில் ஒரு வரிசையைக்கூடப் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேசி கப்லன் என்ற இரண்டு தோழிகள் 2022-இல் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி இதையே செய்துவருகிறார்கள். இறந்தவர் பாதியில் விட்ட வேலையைத் தன்னார்வலர்கள் முடித்து, குடும்பத்திடமே திருப்பித் தருகிறார்கள். அங்கே முடிப்பவருக்கு இறந்தவர் முன்பின் தெரியாதவர். நீங்களோ பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

போர்வையைத் தாராளமாகச் செய்யுங்கள். நடுவில் அக்காவுக்கு நீங்களே புதிதாக ஒரு சதுரம் பின்னி வையுங்கள், உங்கள் நூலில், உங்கள் கையால்.

மகளுக்கு இன்று சாயங்காலமே போன் செய்யுங்கள். ‘தேடியதில் கிடைத்துவிட்டது’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘என்னிடம்தான் இருந்தது, கொடுக்க மனசு வரவில்லை’ என்று சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால், பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.