ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் ஏழெட்டு ஜெயில்களை எளிதாகப் பராமரிப்பது எப்படி?

பட்டர்வொர்த்தில் ஒரு சின்ன அலுவலக சர்வர், அதில் ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்), அதற்குள் ஏழெட்டு ஜெயில், அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனியாகப் பிரித்து ஓடும் சூழல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் போய் அப்டேட் செய்தே பொழுது போகிறது என்கிறீர்கள். ஜெயில் வசதி 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 உடன் வந்தது. கையால் பராமரித்தால் இன்றும் அதே தலைவலிதான்.

என் பரிந்துரை பாஸ்டில், ஜெயில்களை உருவாக்கிப் பராமரிக்கும் கருவி. எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட் என்பதால், ஏதாவது கோளாறு என்றால் திறந்து படித்துப் பார்க்கலாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

'தின்' (மெலிந்த) ஜெயிலாக உருவாக்குங்கள். அடிப்படை சிஸ்டம் ஒரே பிரதிதான். எல்லா ஜெயில்களும் நல்எஃப்எஸ் (ஒரு ஃபோல்டரை வேறு இடத்திலும் காட்டும் வசதி) வழியாக அதை ரீட்-ஒன்லியாகப் பகிர்ந்துகொள்ளும், அடுக்குமாடியில் ஒரே லிஃப்டை எல்லா மாடிக்காரர்களும் பயன்படுத்துவதுபோல. அந்த ஒரு பிரதிக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட்டால் அத்தனை ஜெயிலுக்கும் போய்ச் சேரும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் ஜெயில்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜெயிலுக்குள் நிறுவிய மென்பொருள் பேக்கேஜ்கள் தனி: 'பாஸ்டில் பிகேஜி ஆல் அப்கிரேட்' என்ற ஒரே கட்டளை போதும்.

அப்புறம், ஹோஸ்டில் (ஜெயில்களைத் தாங்கும் முதன்மை சிஸ்டம்) உள்ள எஸ்எஸ்ஹெச்சை (தொலைவிலிருந்து உள்நுழையும் சேவை) ஹோஸ்டின் முகவரியில் மட்டும் கேட்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஜெயிலின் ஐபியில் உள்ளே எஸ்எஸ்ஹெச் ஓடாதபோது, அங்கே தட்டினாலும் ஹோஸ்ட்தான் கதவைத் திறக்கும்.

டேட்டாபேஸ் ஜெயிலுக்கு மட்டும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிட்டு அப்கிரேட் செய்யுங்கள்.